பால் சட்டி வைத்த மேசை

முன்னறையில் சட்டி மூடி உருண்டு விழுந்த சத்தத்தோடு விஜயலெட்சுமியின் குரலும் சேர்ந்து கேட்டது.

"கொதிக்கிற பால் சட்டிய மேசை மேல வச்சது யாருங்க?"

"நீதானே எறக்கி வைக்கச் சொன்ன" என்றார் வீரசிங்கம்.

"தரையில வைக்கச் சொன்னேன். அது நம்ம மேசையா?"

அவர்களுடையது இல்லை. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டுப் புது வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிய நாள். வீட்டில் நல்லதாக ஒரு மேசை இல்லை என்று அறிந்து, நமுனுகுல டவுன் கடைக்காரர் முஸ்தாக் கேட்காமலே தன் வாப்பாவின் பலா மர மேசையைச் சாக்கில் சுற்றியபடி, ஞாயிறு வரை இருக்கட்டும் என்று அனுப்பியிருந்தார். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வீரசிங்கத்துக்குத் வாய் ஓயவில்லை. கீறல் விழக் கூடாதென்று விஜயலெட்சுமி சாக்கைக்கூட அவிழ்க்காமல் அதன் மேலேயே விரிப்பைப் போட்டிருந்தாள்.

இரண்டையும் உருவினார்கள். பலகையின் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

பக்கத்து வீட்டுப் பெரியாயி எட்டிப் பார்த்தாள். "பல்லு வெளக்குற பேஸ்ட்டப் போட்டுத் தேய்ங்க. எங்க வீட்டு மேசைல அப்படித்தான் போச்சு."

"ஒங்க வீட்டுல ஏது மேசை?" என்று கேட்டபடியே வீரசிங்கம் பேஸ்ட்டை எடுத்தார்.

"அதான் போச்சுன்னு சொல்றேன்ல."

தேய்த்தார். வட்டம் போகவில்லை, இருந்த பளபளப்பு போய்விட்டது.

மறுநாள் காலை பதுளைக்கு பஸ் ஏறி, மரவேலைச் சாமான் விற்கும் நப்ரீஸின் கடையில் உப்புத்தாளும் மரச்சாயமும் வாங்கி வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைச் சுற்றிச் சுற்றி உருட்டும் இயந்திரத்தோடு பதினெட்டு வருடம் இருந்தவர். கை தானாகச் சுற்றிச் சுற்றியே தேய்த்தது. சாயத்தைப் பூசியதும் ஒவ்வொரு கீறலிலும் அது இறங்கி ஊறியது. ஒரு வட்டம் இருந்த இடத்தில் இப்போது நாற்பது வட்டங்கள்.

நப்ரீஸுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மரத்துல ரேகை ஓடுதுல்ல, அது போற பக்கமாத் தேய்க்கணும். மொதல்ல முரட்டுத் தாள், பொறகு மெல்லிசுத் தாள். சாயத்தப் பூசினதும் துணியால தொடைச்சு எடுத்துரணும். நீங்க எப்படித் தேய்ச்சீங்க?"

"அத விடுங்க தம்பி."

பலகை முழுவதையும் மறுபடி தேய்த்தார். தூசியைத் துடைத்து, சாயம் பூசித் துடைத்தார். தேன் நிறத்தில், ஒரே சீராக வந்தது. தடவினால் வெண்ணெயாக வழுக்கியது.

"நல்லா இருக்குங்க" என்றாள் விஜயலெட்சுமி. "ஆனா கால் நாலும் வேற வீட்டுக் கால் மாதிரி இருக்கு."

கால்களையும் தேய்த்தார். பூசினார். அப்போது பார்த்து மூடுபனி இறங்கியது, எதுவும் காயவில்லை. பெரியாயியும் இன்னும் மூன்று பேரும் முறங்களோடு வந்து மேசையைச் சுற்றி நின்று விசிறினார்கள். கோயில் சாமிக்குக்கூட அப்படி விசிறியிருக்க மாட்டார்கள்.

"ஒங்களையெல்லாம் மறக்க மாட்டேன்" என்றார் வீரசிங்கம்.

"வாயப் பேசாம நீங்களும் ஒரு மொறத்த எடுங்க" என்றாள் பெரியாயி.

ஞாயிறு காலை மேசையை எடுத்துப் போக லொறி வந்தது. முஸ்தாக்கும் அவர் மனைவி றஷீதாவும் இறங்கினார்கள். முஸ்தாக் மேசையைப் பார்த்தபடியே நின்றார். வீரசிங்கம் அருகில் போனார்.

"முஸ்தாக் நானா, ஒரு தப்பு நடந்து போச்சு..."

முஸ்தாக் காதில் அது விழவில்லை. பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். "வாப்பா வாங்கிட்டு வந்த அன்னைக்கு இது இப்படித்தான் இருந்திச்சு, சிங்கம். நான் ஒங்களுக்கு ஒதவி செஞ்சதா நெனச்சேன். நீங்க எனக்குச் செஞ்சிட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிறு எடுக்க லொறிக்குப் போனார்.

பொய்யான புகழ் வீரசிங்கத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. றஷீதாவிடம் திரும்பினார்.

"தங்கச்சி, நானாகிட்ட நீங்கதான் பதமாச் சொல்லணும். பால் சட்டிய வச்சு நடுவுல பெரிய வட்டமா..."

றஷீதா லொறிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இருங்க, அது நான் நோன்புக் கஞ்சிச் சட்டி வச்சுப் போட்ட வட்டம், அவரு பார்க்க முன்னாடி மேசைய சாக்குல சுத்தி ஒங்க வீட்டுக்கு அனுப்ப வச்சதே நான்தான்."