எதையும் ஒருதரம் மட்டும்

புத்தளத்தில் அலுமாரி இல்லாமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் 'ஒருதரம் நானா'தான். துவைத்த சேட்டு கயிற்றிலிருந்து நேரே அவர் உடம்புக்கு வந்துவிடும். "நடுவுல அலுமாரியில வெச்சு எடுக்கிறது ரெண்டு வேலை" என்பார். மழைக்காலத்தில் ஈரச் சேட்டோடு தும்மிக்கொண்டே கந்தோருக்கு வேலைக்கு வருவார்.

மீன் ஏலத்தில் 'ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்' என்று கூவுவார்களே, நானாவுக்கு அந்த இரண்டாவது தரமே கிடையாது. காலையில் வாசலில் நின்று எங்கள் மென்பொருள் கந்தோர் முழுவதற்கும் ஒரே ஸலாம். பிந்தி வருகிறவன் பதிலை மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆழ்கடல் படகுகள் அனுப்பும் செய்திகளை வாங்கி வீட்டாருக்குக் காட்டும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. எழுதியவன் அடியேன். நன்றாகத்தான் ஓடியது, அந்தப் புயல் காலை வரும்வரை. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப, திரை அசையாமல் நின்றுவிட்டது. கடலில் என் மச்சான். தொலைபேசியில் அவர் மனைவி, என் ராத்தா.

"தம்பி, அவர்ட தகவல் வந்திச்சா?"

நான் திரையை மறுபடி மறுபடி தட்டினேன்.

"பெரிய மெசின் ஒண்டு வாங்குவம்" என்றார் முதலாளி.

"அளக்காம ஒண்டும் வாங்க வேணாம்" என்றார் நானா. உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மெசின்ல பிழை இல்ல. வாற ஒவ்வொரு தகவலையும் நீ அஞ்சு இடத்துல கொப்பி அடிக்கிற. பள்ளிக்கூட சோதனையில கூட இவ்வளவு அடிச்சிருக்க மாட்ட."

"அப்ப எங்க வெச்சு வாசிக்கிற நானா?"

"வந்து இறங்கின இடத்துலயே வாசி!"

அன்று அவர் எழுதியதைவிட அழித்ததே அதிகம். நான் பெருமையாக எழுதிய பக்கங்கள் கண்ணெதிரே காணாமல் போயின. செய்திகளை ஒவ்வொன்றாகப் போய் எடுக்காமல், வாசலில் நிற்பதையெல்லாம் ஒரே தடவையில் உள்ளே எடுக்க வைத்தார். ஒரு வீட்டுக் கைபேசி மெதுவாக வாங்கினால், அதற்காக மற்ற வீடுகள் காத்துக் கிடக்காமல் செய்தார். மதியம் லுஹர் பாங்குக்கு முன்பே, படகுகள் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்த அத்தனை செய்திகளையும் அதே பழைய மெசின் தடங்கலில்லாமல் வாங்கத் தொடங்கியது. இப்படியும் ஒரு மூளையா என்று நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

மச்சானின் செய்தியும் வந்தது. நான் ராத்தாவை அழைத்ததும் நானாவே தொலைபேசியை வாங்கி, திரையைப் பார்த்து வாசித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் சுகம். கரைக்கு வாறம்."

மறுமுனையில் ராத்தா அழுதார். "இன்னொருக்கா வாசிங்க நானா."

எதையும் இரண்டாவது தரம் தொடாத அந்த மனிதர் மறுபடி வாசித்தார். பிறகு, ராத்தா கேட்காமலே, மூன்றாவது தரமும் வாசித்தார்.