லோவெல் கெடுத்த எக் பேக்

இதில் எதை நான் கண்ணால் பார்த்தேன், எதைப் பிறர் சொல்லக் கேட்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லோவெல் கடையிலிருந்து கொண்டுவந்தது ஒரு ரொட்டியா இரண்டா என்பதுகூட மறந்துவிட்டது. ஆனால் கறுப்பு ரொட்டி, புளிப்பு ரொட்டி, காய்ந்துபோன ரொட்டி. அதை அவன் கெட்ட எண்ணத்தோடுதான் வாங்கினான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மனைவி ஜானெல் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

ஜானெல் ரொட்டியை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தாள். மரக்கட்டை மாதிரி சத்தம் கேட்டது.

"அட, காஞ்ச ரொட்டியாப் பாத்து வாங்கியிருக்கியே! இதுதான் பாலை நல்லா இழுக்கும். யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லலை" என்றான் லோவெல். குரல் செத்துக் கிடந்தது.

வடக்கு மின்னசோட்டாவில் அந்தக் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் காலை என்றால் எக் பேக்தான். முதல் நாளே கண்ணாடித் தட்டில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, சாசேஜும் சீஸும் தூவி, அடித்த முட்டையையும் பாலையும் ஊற்றி ஊற வைத்துவிட வேண்டும். காலையில் மின் அடுப்புக்குள் தள்ளிவிட்டால், பரிசுப் பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் வெந்துவிடும். இத்தனை வருடமும் அதைச் செய்துவந்தவர் மாமியார் மார்லிஸ். அந்த நவம்பரில் நன்றித் திருநாள் விருந்து அன்று, பாத்திரம் துடைத்த துணியை உதறி மடித்தபடி அவர் அறிவித்தார்.

"என்னால இனி முடியாது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டுல வெச்சுக்கலாம், அவரே செஞ்சு பாக்கட்டும். நல்லா வந்துச்சுன்னா வருஷா வருஷம் அவர் கையாலதான்."

லோவெலுக்கு வாயில் இருந்த பூசணி இனிப்பு இறங்கவில்லை.

அவனுக்கு வருடத்தில் ஒரு காலை போதும். கிறிஸ்துமஸ் காலை. அன்று விடிந்ததும் உறைந்த ஏரிமேல் நடந்துபோய், தன் பலகைக் குடிலுக்குள் சின்ன அடுப்பை மூட்டி, பனியில் துளையிட்டுத் தூண்டிலை விட்டு உட்கார்ந்துவிடுவான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமியார் வீட்டுக்குப் போவான். அவன் பங்கு மூடி வைத்திருக்கும். மீன் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. அவனும் மீனுக்காகப் போகிறவன் இல்லை. அந்தக் குடிலில் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பண்டிகை.

இதை மாமியாரிடம் சொல்ல முடியுமா? சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தான்.

"அன்னைக்குக் காலைல நான் குடில்ல இருப்பேனே, அத்தை."

"அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"ரேடியோ?"

"இல்லை."

"பக்கத்துல யாராவது?"

"யாரும் இல்லை, அத்தை. எப்பவாவது பனி விரிசல் விடற சத்தம் கேக்கும். அவ்வளவுதான்."

மார்லிஸ் எழுந்து போய் நின்றார். ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எக் பேக் நீங்கதான் செய்யறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபம் என்று லோவெல் எடுத்துக்கொண்டான்.

வழி காட்டியவன் மச்சான் டுவெய்ன், ஜானெலின் அண்ணன். போன ஈஸ்டருக்கு அவன் செய்த எக் பேக் மேலே கரி, உள்ளே கஞ்சி. மார்லிஸ் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உச்சகட்டப் பாராட்டு என்றால் "பரவாயில்லை." அதற்கு மேலே ஒரு சொல் அவர்களிடம் இல்லை. அன்றிலிருந்து டுவெய்னைக் காகித நாப்கின் மட்டும் வாங்கிவரச் சொல்கிறார்கள்.

"ஒரே ஒரு தடவை கெடுத்தா போதும், மச்சான்" என்று டுவெய்னே சிரித்துக்கொண்டு சொன்னான். "அப்புறம் ஜென்மத்துக்கும் நிம்மதி."

ஆகவே லோவெலுக்கு வேண்டியது ஒரு "வித்தியாசமா இருக்கு." அவ்வளவுதான்.

ரொட்டி கைவிட்டுவிட்டது. அடுத்து, ஜானெல் உப்புப் போட்டு முடித்த கலவையில், அவள் துணி மடிக்கப் போன நேரம் பார்த்து இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டான். அதுவும் போதாது என்று தோன்றியது. ஃபிரிட்ஜைத் திறந்தான். மாமனார் ஓர்வில்லுக்காக வாங்கி வைத்திருந்த ஹெர்ரிங் மீன் பாட்டில் கண்ணில் பட்டது. வினிகரில் வெங்காயத்தோடு ஊறிய மீன். சாசேஜைத் தள்ளி வைத்துவிட்டு மீனைப் பரப்பினான். சாற்றையும் விடவில்லை.

ஜானெல் வந்து மோந்து பார்த்தாள்.

"லோவெல், இது என்ன மீனா?"

"கை தவறிடுச்சு" என்றான், நம்பிக்கையோடு.

அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்கு ஹெர்ரிங்னா உயிருன்னு ஞாபகம் வெச்சுச் செஞ்சிருக்க. ஒத்துக்கத்தான் உனக்கு வெக்கம். இரு, மேல இன்னும் கொஞ்சம் சீஸ் போடறேன்."

கொஞ்சம் இல்லை. தட்டையே மூடுகிற அளவுக்குப் போட்டாள்.

ஃபிரிட்ஜில் பன்றித்தொடை அடைத்துக் கிடந்தது. குளிர்காலத்தில் அந்த ஊரில் எல்லோருக்கும் கராஜ்தான் இரண்டாவது ஃபிரிட்ஜ். வீட்டுச் சுவரோரம் வைத்தால் ஊறும், வெளிக்கதவோரம் வைத்தால் உறைந்துவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். லோவெல் வெளிக்கதவோரம் வைத்தான். கதவையும் லேசாகத் திறந்துவிட்டு வந்தான்.

காலையில் தட்டு செங்கல்லாக இருந்தது. கத்திப் பிடியால் தட்டினான். டொக் என்றது. அவனுக்கு அதைவிட இனிய கிறிஸ்துமஸ் மணி வேறெதுவும் இல்லை.

"ஜானெல்! ஐயோ, மொத்தமும் உறைஞ்சுபோச்சு! எல்லாருக்கும் வெறும் டோஸ்ட் போட்டுக் குடுத்துடலாமா?"

"பதறாதே. அடுப்பைக் குறைச்சு வெச்சு முன்னாடியே உள்ள தள்ளு. மெதுவா இளகி வெந்தா மெத்துன்னு இருக்கும்."

"கருகிடாது?"

"அலுமினியத் தாள் போட்டு மூடிட்டாப் போதும். நீ இவ்வளவு அக்கறையா இருப்பேன்னு நான் நினைக்கவே இல்லை, லோவெல்."

அவள் போனதும் அவன் தாளை உருவினான், சூட்டை ஏற்றினான். அதனால் நடந்தது ஒன்றுதான். மேலே இருந்த சீஸ் பொங்கி, பொன்னிறமாகிப் பத்திரிகை அட்டைப்படம் மாதிரி வந்து நின்றது. டுவெய்ன் நாப்கின் கட்டோடு உள்ளே நுழைந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "துரோகி" என்று லோவெலின் காதில் முணுமுணுத்தான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. அந்தக் குடும்பத்தில் மார்லிஸ்தான் முதல் வாய் சாப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு வேறு வார்த்தை சொல்லும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

மார்லிஸ் ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். இன்னும் மென்றார். லோவெல் மேஜைக்கடியில் விரல்களைக் கோர்த்துக்கொண்டு, 'வித்தியாசமா, வித்தியாசமா' என்று மனதுக்குள் வேண்டினான்.

எதிரில் ஓர்வில் தன் முதல் வாயை வைத்தார். உடனே உடம்பு தூக்கிப்போட, கண் நிறையத் தண்ணீரோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெர்ரிங் பார்த்த ஆனந்தம் என்று ஜானெல் நினைத்தாள். அப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மார்லிஸ் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தார்.

"பரவாயில்லை" என்றார்.

டுவெய்ன் முள்கரண்டியைக் கீழே போட்டான்.

"ரொம்பவே பரவாயில்லை" என்றார் மார்லிஸ்.

அப்படி ஒரு வார்த்தையை அந்தக் குடும்பம் அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். லோவெலும் சாப்பிட்டான். உப்பு. அதன் பின்னால் புளிப்பு. அதற்கும் பின்னால் மீன். சுற்றிலும் பார்த்தான். ஒருவர் முகத்திலும் குறை இல்லை. இத்தனை பேருக்கும் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டது தன் நாக்குதான் என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை வருடம் தனியாக உட்கார்ந்து, மனிதர்களின் ருசியே தெரியாமல் போய்விட்டதோ என்று வெகுநேரம் யோசித்தான். ஒருவேளை குடிலை விடுவது நல்லதுக்குத்தானோ என்றுகூட.

கிளம்பும்போது மார்லிஸ் தன் சொந்தக் கண்ணாடித் தட்டைப் பையிலிருந்து எடுத்தார். அடியில் அவர் பெயரை எழுதி ஒட்டிய நாடா. அதை அவர் கையாலேயே உரித்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இனி இது உங்களோடது, மாப்பிள்ளை."

"அத்தை, நான் அவ்வளவு தகுதியானவன்..."

"இல்லைன்னு சொல்லாதீங்க" என்றார் அவர். லோவெல் தட்டை வாங்கிக்கொண்டான்.

அந்த வருடம் முழுக்க அவன் கறுப்பு ரொட்டியும் ஹெர்ரிங்கும் வைத்துப் பழகினான். தன் நாக்கைத் திருத்த முயன்றான். திருந்தவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் காலை, தட்டை எடுக்கக் கராஜுக்குப் போனபோது ஆணியில் குடில் சாவி இல்லை. எங்கோ வைத்து மறந்திருப்போம், இனி அது எதற்கு என்று விட்டுவிட்டான்.

டுவெய்ன் வழக்கம்போல நாப்கின் கொண்டுவந்தான். ஜானெல் வீட்டுக்குத் தோரணம் கட்டி, இனி ஆயுசுக்கும் கிறிஸ்துமஸ் இங்கேதான் என்று பூரித்துப்போயிருந்தாள். ஓர்வில் தட்டைக் கண்டதும் ஒரு குவளைத் தண்ணீரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். லோவெல் கையுறையோடு அடுப்பின் முன்னால் நின்றான். மார்லிஸின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"மாமா, அத்தை எங்க? அவங்க வராம எப்படி ஆரம்பிக்கறது?"

ஓர்வில் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"உங்க குடில்லதான் இருக்கா, மாப்பிள்ளை. விடிஞ்சதும் கிளம்பிட்டா, தூண்டில்கூட எடுத்துட்டுப் போகலை. போன வருஷம் நான் முதல் வாயைத் துப்பிடக் கூடாதுன்னு மேஜைக்கடியில என் காலை மிதிச்சா பாருங்க, அந்த வீக்கம் வத்தறதுக்கு வசந்த காலம் வரைக்கும் ஆச்சு."