பராமரிப்பு நிதி உருவான வரலாறு

தில்லைநாயகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் அவரே குறுக்கிட்டுத் திருத்துவார். முதலாவது: கதவடைப்பின்போது ஆலை நிர்வாகம் அவரை வெளியே நிறுத்தியது. இரண்டாவது: தொழிற்சங்கத் தலைவர்கள் சமரசம் பேசி எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனபோது, அவரை மட்டும் வாசலிலேயே மறந்துவிட்டார்கள். மூன்றாவது: இருபது வருட உழைப்புக்கு ஒரு தொகையைக் கையில் திணித்த ஆலை, ஓய்வூதியம் என்ற சொல்லை அகராதிக்கே விட்டுவிட்டது. நான்காவது அநீதியை மட்டும் அவர் தாமே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கிடைத்த தொகை முழுவதையும் அம்பாசமுத்திரம் நல்வாழ்வு வாடகை வீடுகள் சங்கத்தில் பங்காகப் போட்டார். மாதாமாதம் வரும் வாடகைப் பங்கில்தான் இனி அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜில்லா முழுவதும் அந்தக் காய்ச்சல்தான். வள்ளியூரில் ஒருவர் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டார் என்று கேள்விப்பட்டால், அம்பாசமுத்திரத்தில் நாலு பேருக்குத் தூக்கம் போய்விடும். வயலை விற்றவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், ஓய்வு பெற்ற வாத்தியார் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: வாடகை வீடு தீனி கேட்காத பசு, மாசம் பிறந்தால் தானே கறக்கும்.

சங்கத்தின் செயலாளர் கைலாசம், ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவரை விட்டது; அவர் அலுவலகத்தை விடவில்லை. ஒரே நீளப் பின்சுவரில் பத்து வீடுகள் எழும்பியதும் பொதுக்குழு கூடியது. தில்லைநாயகம் எழுந்தார்.

"வாடகையில ஒரு பங்கை வருசா வருசம் எடுத்து வைக்கணும். நாளைக்குக் கூரை ஒழுகும், குழாய் துருப்பிடிக்கும், சுவரு வெடிக்கும்."

"ஏன்வே, தொட்டில்ல கெடக்க பிள்ளைக்கு இப்பமே பாடை கட்டச் சொல்லுதீரு?" என்றார் கைலாசம். கூட்டம் சிரித்தது. தில்லைநாயகம் உட்காரவில்லை. எனவே நிர்வாக முறைப்படி விளக்கம் அளிக்கப்பட்டது.

"நம்ம சங்கத்துல எதிர்பாராச் செலவுன்னு ஒரு தலைப்பு இருக்கு. நீருதான் இப்பமே எதிர்பார்த்துட்டீரே! எதிர்பார்த்த செலவை அதுல எப்படிவே எழுத முடியும்? வாயை மூடிட்டு இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

ஆகவே அந்த வருட உபரியில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தீபாவளிக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டி வழங்கப்பட்டது. மிச்சத்தில் மொட்டைமாடியில் தாமரை வடிவத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி சதுரமாக இருந்தால் அந்த வீட்டில் பெண்ணெடுக்கவே யோசித்த காலம் அது. தாமரைக்கு ரோஸ் வர்ணமும் பூசினார்கள். அதன் பாரம் பின்சுவரில் இறங்கியது.

அடுத்த மழைக்குப் பின்சுவர் வெடித்தது. அதை முதலில் கண்டது, தொட்டிக்கு நேர் கீழே குடியிருந்த தையல்காரி பியூலா.

"அண்ணாச்சி, என் அடுப்படியில நின்னா அடுத்த தெரு தெரியுது. ஜன்னலுக்குத் தனியா வாடகை கேப்பாவளோன்னு பயமா இருக்கு."

தில்லைநாயகம், சங்கங்களைக் கண்காணிக்கும் மேலிடத்துக்கு மனு அனுப்பினார். ஆய்வு அலுவலர் குருபிரசாத் வந்தார். ஆனால் மாசியில் வந்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

வெள்ளையடிப்பது குடியிருப்போர் பொறுப்பு என்பது சங்க விதி. பியூலா கிறிஸ்துமஸுக்கு அடிப்பாள். நாலைந்து குடித்தனக்காரர்கள் பொங்கலுக்கு அடிப்பார்கள். பக்கத்து வீட்டு மீரா முகைதீன் நோன்புப் பெருநாளுக்கு அடிப்பார். சுண்ணாம்பை இரண்டு கை சேர்த்து அப்பினால் எந்த வெடிப்பும் அடங்கிவிடும். நாடு முழுக்க மதத்தின் பேரால் மண்டை உடைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், மூன்று மதமும் ஒற்றுமையாக நின்று ஒரு வெடிப்பை மறைத்தது நம் ஊரில்தான்.

அலுவலர் சுவரைப் பார்த்தார். "வெள்ளையாக இருக்கிறது. எனவே நல்ல நிலையில் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு தூக்குச்சட்டி என்ற கணக்கில் தமக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

"ஐப்பசி மழையில வந்து பாருங்க சார், சாயம் வெளுத்துரும்" என்று கெஞ்சினார் தில்லைநாயகம்.

"மழைக்காலத்தில் கட்டடம் நனைந்திருக்கும். நனைந்த கட்டடத்தின் உண்மைநிலை தெரியாது."

கடைசியில் தில்லைநாயகம் தமக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தார். ஒரு கார்த்திகை மாதம் வீட்டு வரிசையின் முன்னால் நின்று, வெள்ளையடிப்பு நிறுத்தப் போராட்டத்தை அறிவித்தார்.

"நல்லா இருக்கே!" என்றாள் பியூலா. "கோயில்ல இருந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வாரவுக என்ன நினைப்பாவ? ஒங்க வெடிப்புக்காக எங்க பண்டிகையக் கெடுக்கச் சொல்லுதியளா?"

"என் வெடிப்பா? ஒன் வீட்டுச் சுவருதானம்மா!"

"வாடகைச் சுவரு அண்ணாச்சி. பண்டிகைதான் எங்களுக்குச் சொந்தம்."

போராட்டம் தோற்றது. மனு, மாசி ஆய்வு, தூக்குச்சட்டி என்று வருடங்கள் ஓடின. தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், பட்டப்பகலில், தாமரை தரையில் மலர்ந்தது. பின்சுவரில் பாதியும் கூடவே வந்தது. பியூலா ரேஷன் கடை வரிசையில் நின்றதால் தையல் இயந்திரம் மட்டும் நசுங்கியது.

விழுந்த கட்டடத்தை மழையிலும் ஆய்வு செய்யலாம் என்று விதி இருந்ததால் குருபிரசாத் உடனே வந்தார். உறுப்பினர்களும் குடியிருப்போரும் கூடினார்கள். எல்லோரையும் சாட்சியாக வைத்து அலுவலர் மகஜர் எழுத உட்கார்ந்தார்.

"தெரிந்தே அலட்சியம் செய்தவர் யார் என்று கண்டுபிடித்து, அவரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும். சுவர் பழுதானது யாருக்குத் தெரியும்?"

"நிர்வாகக் குழுவுக்குத் தெரியாது. ஏகமனதாத் தெரியாது" என்றார் கைலாசம்.

உறுப்பினர்களுக்கும் தெரியவில்லை. குடியிருப்போர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெரிந்தும் குடியிருந்தேன் என்றால் அட்வான்ஸ் திரும்பி வராது என்று கைலாசம் காலையிலேயே பைய எடுத்துச் சொல்லியிருந்தார். மீரா முகைதீன், "வெள்ளையாத்தான் சார் இருந்துச்சு" என்றார். பியூலா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அப்படியானால், வருடம் தவறாமல் மனுப் போட்ட ஒருவருக்குத்தான் தெரியும்" என்றார் அலுவலர். "தெரிந்திருந்தும் விழவிட்டிருக்கிறார்."

"என்ன சார் பேசுதிய! சத்தம் போட்டவனே நான்தானே?"

"சத்தம் போட்டீர்கள். தடுத்தீர்களா?"

முடிவு அங்கேயே எழுதப்பட்டது. பொறுப்பாளியின் பங்குத்தொகை முழுவதும் பறிமுதல். அதைக் கொண்டு, சங்க வரலாற்றிலேயே முதன்முறையாக, நீண்டகாலப் பராமரிப்பு நிதி ஒன்று தொடங்கப்படும். கூட்டம் கைதட்டியது. "பாத்தீரா வே, நீரு கேட்டதைக் குடுத்தாச்சு" என்றார் கைலாசம்.

தூறலாக இருந்த மழை வலுத்தது. சாட்சிகள் எல்லோரும் மிச்சமிருந்த பின்சுவரை ஒட்டி, மாடி விளிம்புக்குக் கீழே ஒதுங்கினார்கள். கைலாசம் நடுவில் நின்றார். அலுவலரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அங்கேயே போனார். தில்லைநாயகம் மட்டும் நனைந்துகொண்டு நின்றார். அவர்கள் தலைக்கு மேலே சுண்ணாம்பு பால்போல வழிந்து இறங்க, அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு நீண்டுகொண்டே போவதைப் பார்த்தார். வாய் திறந்தார்.

"பழுது குறித்து இன்னும் ஏதாவது தெரியுமா?" என்று பேனாவைத் தூக்கினார் அலுவலர்.

தில்லைநாயகம் வாயை மூடினார். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார். "ஏ பியூலா, இங்கன வந்து நில்லு."

"மழை பெய்யுதே அண்ணாச்சி."

"நனைஞ்சாச் செத்துர மாட்டே. வா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மீரா முகைதீனின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடி வந்தாள்.

அலுவலர் திருப்தியோடு எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, சாட்சிகள் அனைவரும் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"மேற்படி கட்டடத்தின் அபாய நிலையை அறிந்திருந்த ஒரே நபர், ஆலைத் தொழிலாளி, தில்லைநாயகம்."