தோற்க வந்த மாப்பிள்ளை

"வெண்டுபோடாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன்," என்று வாசலிலேயே றோஸ்மலர் றெஜினோல்டின் காதுக்குள் சொன்னாள். "போன மாசம் பொம்பிளை பாக்க வந்த டொக்டர் ஸ்கிரபிள் சொல் விளையாட்டில அப்பாவை வெண்டவர். பலகாரம் தின்ன முதலே அப்பா அவரை அனுப்பிப்போட்டார்."

இதென்ன பெரிய காரியம் என்றுதான் றெஜினோல்ட் நினைத்தான். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடிக்கிறவனுக்கு ஆங்கிலத்தில் தோற்பதா கஷ்டம்? நோர்பரிக் கோயில் பாட்டுக்குழுவில் இரண்டு வருஷமாக இந்த முகத்துக்காகவே சுருதி தப்பிப் பாடியவன் அவன். அவளுக்காகக் குப்புற விழுந்தும் தோற்பான்.

றோஸ்மலரின் தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்தபின், வெள்ளைக்காரனே மறந்துபோன பழைய சொற்களைத் தேடிப் பிடித்துப் பாடமாக்குவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. எழுத்துக் கட்டைகளைப் பரப்பி, எடுத்த எடுப்பிலேயே 'ஒக்ஸ்டர்' என்று அடுக்கினார்.

"கமக்கட்டு எண்டு அர்த்தம், தம்பி. இஞ்ச ஒருத்தரும் பாவிக்கிறேல்லை."

குசினிக்குள் அவர் மனைவி இம்மாகுலேற்றின் கையிலிருந்து சட்டிமூடி டமாரென்று விழுந்தது. மாஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

றெஜினோல்ட் கைக்கு வந்த எழுத்துகளைக் கண்டபடி சேர்த்து 'ஸொக்கில்' என்று வைத்தான். அப்படி ஒரு சொல் பூமியில் இல்லை. மாஸ்டர் அகராதியைத் திறந்து பொய்யென்று காட்டினால் புள்ளி முழுதும் போய்விடும். அதுதான் விளையாட்டு விதி.

மாஸ்டர் அதையே உற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ம்ம்... பழைய சொல். ஆட்டுக்குச் சொறி வந்தா அப்பிடிச் சொல்லுறவை. புள்ளியை எழுதும்."

அட கடவுளே! மனுஷனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது போலிருக்கிறதே! பதிலுக்கு மாஸ்டர் வைத்ததோ பூனை, நாய் என்று அரிவரிப் பிள்ளைகளின் சொற்கள்.

"எழுத்துச் சரியில்லை," என்று முணுமுணுத்தார்.

இனி மறைத்து வேலையில்லை என்று றெஜினோல்ட் ஆங்கில எழுத்தில் 'ஒடியல்' என்றே வைத்தான். காய்ந்த பனங்கிழங்கைத் தெரியாத யாழ்ப்பாணத்தானும் உண்டோ?

"மாஸ்டர், இதை ஒருக்கா டிக்‌ஷனரியில பாப்பமோ?"

மாஸ்டர் அகராதியை எடுத்துக் கதிரையில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"தேவையில்லை. பழைய மாலுமியளின்ர சொல். கப்பல் கட்டுற கயிறு."

"இல்லை மாஸ்டர், எனக்கு இது வேறை என்னமோ மாதிரி..."

"நான் சொல்லுறன், தம்பி! கயிறு!"

குசினியிலிருந்து புட்டு மணம் வந்தது. கடைசி நம்பிக்கையாக றெஜினோல்ட் 'புட்டு' என்று வைத்தான். மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"ராசாமார் காலத்துத் தொப்பி," என்றார் ஈனக் குரலில்.

ஆட்டம் முடிந்தது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் றெஜினோல்ட்தான் வெற்றி. பலகாரத் தட்டோடு வந்த றோஸ்மலருக்குக் கண் கலங்கிவிட்டது. ரோல்ஸ் எல்லாம் தட்டில் உருண்டன. அவனுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷக் காதல் ஒடியலோடும் புட்டோடும் போயிற்றே!

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர். நான் வேணுமெண்டு வெல்லேல்லை," என்று எழுந்து கோட்டைத் தேடினான்.

மாஸ்டர் சிவந்த முகத்தோடு குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து இம்மாகுலேற்றின் குரல் வந்தது.

"என்னப்பா, நான் சொன்ன மாதிரித் தோத்திட்டியளோ? அப்ப மருமோனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, இண்டைக்கு உங்களுக்கும் சாப்பாடு இருக்கு!"