வெறுங்கால் அண்ணாச்சிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

“…பேசாம முட்டிக்குக் கீழ வெட்டி இங்கன உப்புல போட்டு வச்சிட்டு, மேல்பாதிய மட்டும் பிளேன்ல ஏத்திவிடுலே!” என்றார் வெறுங்கால் அண்ணாச்சி. மளிகைக்கடைப் படியில், இரண்டு காலிலும் கம்பளி பூட்ஸ், கண்ணில் தண்ணீர். கையில் இருந்த போனைப் பொத்திக்கொண்டுதான் என்னிடம் இதைச் சொன்னார்.

தூத்துக்குடியில் எல்லாரும் அவரைப்போல இருந்திருந்தால், செருப்புக்கடைக்காரர்கள் குடும்பத்தோடு வலை வீசப் போயிருப்பார்கள். கல்லாவில் லட்சுமி இருக்கிறாள், அதனால் அவர் கடைக்குள் செருப்பு ஏறக்கூடாது. வரி அதிகாரியே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். விடியலில் திறந்து இரவில் அடைக்கிற மனிதர் அப்புறம் எப்போது செருப்புப் போடுவது? கால் அதன் இஷ்டத்துக்கு விரிந்து, விரல்கள் ஆளுக்கொரு திசையில், கட்டுப் பிரித்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது.

மகள் இருப்பது கனடாவில். போன குளிர்காலத்தில் போய்வந்தவரிடம், “ஊரு எப்படி அண்ணாச்சி?” என்றேன்.

“சன்னல் நல்லாருந்துச்சி.”

அவர் பார்த்த கனடா அவ்வளவுதான். மகள் வாங்கிவைத்த எந்த பூட்ஸும் அந்தக் காலுக்குள் அடங்கவில்லை. ஒருநாள் ரப்பர் செருப்போடு துணிந்து இறங்கியவரை, கேட்டை எட்டுவதற்குள் கால் விறைத்துப்போய், தூக்கித்தான் கொண்டுவந்தார்களாம். வெளியே பேத்தி பனியில் பொம்மை செய்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட, இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்திருக்கிறார்.

“தொட்டிக்குள்ள கெடக்க மீனு மாதிரி நின்னேம்லே. பிள்ள ஒத்தையில வெளையாடுது.”

இந்த வருஷம் பேத்தி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “தாத்தா, வெளிய வரலைன்னா டூ!”

தேட ஆரம்பித்தார். மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊரில் குளிருக்கு ஷூ! செருப்புக்கடைக்காரர் பள்ளிக்கூட ஷூவை நீட்டினார்.

“இது பனி தாங்குமா?”

“நம்மூர்ல அத யாரு பாத்தா அண்ணாச்சி?”

அண்ணாச்சி பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். என்னையும் இழுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் போய், கிடைத்த ஜோடியை எல்லாம் மாட்டிக்கொண்டு பாளத்தின் மேல் ஏறி நின்றார். ரப்பர் பூட்ஸ், சாக்ஸுக்கு மேல் சாக்ஸ், கடைசியில் கோணிச் சாக்கு. ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் ஒரே கேள்வி: “காலு இருக்கா பாருலே.”

ஐஸ் உடைக்கிறவர் கையெடுத்துக் கும்பிட்டார். “சீலா மீனுக்கு வச்ச ஐஸு அண்ணாச்சி! ஒங்க கால்வாடை அடிச்சா எவன் வாங்குவான்?”

கடைசியில், சாமான் மடிக்கிற தாளில் அவரை நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அவர் மகளுக்கு அனுப்பினேன். “அப்பா, இது காலா, இலங்கை மேப்பா?” என்று கேட்டாலும், அந்த அளவுக்குத் தேடிப்பிடித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த பூட்ஸ்தான் இது. உள்ளே ஆட்டுரோமம். முதல்முறையாகக் கால் முழுசாக உள்ளே போயிருந்தது. ஆனால் நம்மூர் வெயிலில் கால் வேகிறது, எழுந்து நிற்கவே பயம். பயணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து வீடியோவில் பேத்தி: “நடந்து காட்டுங்க தாத்தா! கடைக்குள்ள, மிட்டாய் பாட்டில் வரைக்கும்!”

“கடைக்குள்ளயா?” அவருக்கு முகம் செத்துவிட்டது. கழற்றினால் மறுபடி ஏறுமா என்பது சந்தேகம். அப்போதுதான் போனைப் பொத்திக்கொண்டு, காலை வெட்டச் சொன்னார்.

“தாத்தா? இருக்கீங்களா?” கைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

அண்ணாச்சி போனை என்னிடம் கொடுத்தார். கதவைப் பிடித்து எழுந்தார். உள்ளே லட்சுமி படத்தைப் பார்த்து, தப்பு செய்த பிள்ளை மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, பூட்ஸ் காலோடு கடைக்குள் ஏறி, மிட்டாய் பாட்டில் வரைக்கும் நடந்தார்.