பெயிண்ட் ஷாப்புக்குள் ஒரு கார்ட்டூன் நாய்

ஒரே காலையில் நான் இருபத்திரண்டு கார் பம்பர்களைக் கெடுத்திருக்கிறேன். அதுவும் நாயாக இருந்தபோது. இதை நானே முதலில் சொல்லிவிடுவதுதான் நல்லது. எங்கள் கம்பெனியில் வேறு யாராவது சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் (வாலைப் பற்றி மட்டும் தனியாக ஐந்து நிமிடம் சொல்வார்கள்).

என்னைப் பார்ப்பவர்கள் நிதானமான பெண் என்பார்கள். நிதானத்துக்குக் காரணம் பட்டியல். எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு பட்டியல் போட்டுவிடுவேன். அவற்றில் மிகப் பழையது நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: எனக்குப் பிடித்த கார்ட்டூன் நாய்கள். பள்ளி விட்டு வந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல், டிவி முன்னால் உட்கார்ந்து தயாரித்தது. விசுவாசம், வீரம், காது, தமிழ்க் குரல் என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

ஐந்தாம் இடத்தில், கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே தண்ணீருக்குப் பயப்படும் நாய் (வீரத்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் பாவம் பார்த்துப் போட்டது). மூன்றாம் இடத்தில், தபால்காரரின் பையை ஆசையாக வாங்கிக்கொண்டு போய் எல்லாக் கடிதத்தையும் தப்பான வீட்டில் போடும் நாய். முதலிடத்தில் ஒரு பழுப்பு நிறச் சடை நாய். முகமெல்லாம் முடி, கண்ணே தெரியாது. சுவர், மரம், போலீஸ்காரர் என்று எதிலாவது போய் முட்டும். முட்டிய இடத்திலேயே உட்கார்ந்து, "நான் இங்கதான் வரணும்னு நெனச்சேன்" என்று கம்பீரமாகச் சொல்லும். நான்கு தலைப்பிலும் பத்துக்குப் பத்து. அந்த நாயாக ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பது அப்போதைய என் லட்சியம். பொறியியல் எல்லாம் பிறகு வந்தது.

வல்லம் வடகாலில், கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். பெயிண்ட் ஷாப்பில் எங்களுக்கு ஒரே எதிரி நார். சட்டையிலிருந்தோ கைக்குட்டையிலிருந்தோ ஒரே ஒரு இழை பறந்துவந்து ஈரமான பெயிண்டில் உட்கார்ந்தால் போதும், அந்த பம்பர் ரிஜெக்ட். அதனால் உள்ளே போகிறவர்களுக்கு வாசலில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பூ கூடாது, பவுடர் கூடாது, தொப்பி போட வேண்டும், வெள்ளைக் கோட்டு மாட்ட வேண்டும், ஏர் ஷவரில் இருபது விநாடி நிற்க வேண்டும். எழுதியது நான்தான்.

பதினோரு மாதம் முடிந்திருந்தது. மேனேஜர் பாஸ்கரன் சார் ஒருநாள் கூப்பிட்டார்.

"இந்த மாசம் நார் ரிஜெக்‌ஷன் ஒண்ணுகூட வராம முடிச்சிடு. முதல் தேதி உன் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல கையெழுத்து போடறேன்."

வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பயிற்சி முடிந்தது என்று ஒரு சான்றிதழையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து சொந்த ஊரான சாத்தூருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் கடிகாரத்தோடு போயிருந்தார்கள்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்ப தினம். தொழிலாளர்களின் பிள்ளைகள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். பிள்ளைகளைக் கவர ஏதாவது யோசனை இருக்கிறதா என்று ஹெச்.ஆர். மேடம் கேட்டு முடிப்பதற்குள் என் கை உயர்ந்திருந்தது. "கார்ட்டூன் நாய் மேடம். நானே வர்றேன்."

அடுத்த பத்து நாளும் எனக்குத் தரையில் கால் படவில்லை. வாடகை வேஷங்களில் சடை இல்லை, எல்லாம் மொட்டை நாய்கள். அதனால் வரைபடம் போட்டு நானே செய்தேன். மறைமலை நகரில் ஒரு கடையில், குளியலறை வாசலில் போடுகிற புசுபுசு மிதியடி பழுப்பு நிறத்தில் இருந்தது. பதினோரு மிதியடி வாங்கினேன். பென்னலூரில் எங்கள் அறையில் உட்கார்ந்து வெட்டினேன், தைத்தேன், ஒட்டினேன். காது இருபத்திரண்டு சென்டிமீட்டர். வால் கம்பியில் செய்தது, இடுப்பை ஆட்டினால் தானாக ஆடும்.

என் அறைத்தோழி செல்வி சங்கரன்கோவில் பக்கம். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, இது நாயா கரடியா?"

"நாய்தான். கண்ணு தெரியுதா பாரு."

"தெரியலை."

"அப்ப சரியா வந்திருக்கு."

"அறை பூரா மசுரு கொட்டிக் கெடக்கு. சோத்துலயும் கெடக்கு. நீ அங்க இதத்தான ஒழிக்கப் போற?" என்றாள்.

(இந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்கலாம்.)

ஞாயிறு காலை கான்டீன் வாசலில் நான் நாயாக இறங்கினேன். என்ன வரவேற்பு. ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினால் மிதியடிக்குள்ளும் கேட்கிறது. தூணில் முட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முட்டிய இடத்தில் உட்கார்ந்து, பதின்மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அந்த வசனத்தைச் சொன்னேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணனின் மகள் யாழினிக்கு ஆறு வயது. என் காதைப் பிடித்தவள் விடவே இல்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த வேலை நாள் அதற்கு முன் கிடையாது.

பிறகு எல்லோரும் பெயிண்ட் ஷாப்பைப் பார்க்கும் கண்ணாடி வராந்தாவுக்குப் போனோம். ஓவர் டைம் பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை பம்பர்கள் ஈரமாக, வரிசையாக நகர்ந்தன. வேஷத்தின் கண் ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், ஒரு பம்பரின் நடுவில் கறுப்பாக, நீளமாக ஒரு கறை. அடுத்ததிலும் அதே இடத்தில். அதற்கு அடுத்ததிலும். உள்ளே யாரும் கவனிக்கவில்லை. என் மாதம், என் கையெழுத்து, என் பம்பர். ஓடினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் விதியை மீறவில்லை. வாசலில் நின்று பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பூ இல்லை, சரி. பவுடர் இல்லை, சரி. தொப்பி: நாயின் தலைக்கு மேல் மாட்டினேன், காது இரண்டும் வெளியே தொங்கின. கோட்டு: மாட்டினேன், பித்தான் போட முடியவில்லை. பித்தானைப் பற்றிப் பட்டியலில் தனியாக வரி இல்லை. ஏர் ஷவர்: நாலா பக்கமும் காற்று அடித்து உடம்பில் இருக்கும் தூசியை உதிர்க்கும் சின்ன அறை. அவசரம் என்று பாதியில் வெளியே வரவில்லை. முழு இருபது விநாடி, கையைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன். கத்தரித்து ஒட்டிய பதினோரு மிதியடியில் எந்த இழையெல்லாம் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததோ, அதெல்லாம் அந்த இருபது விநாடியில் முடிவு எடுத்துவிட்டது.

உள்ளே போனதும் ஏழுமலை அண்ணன் திரும்பினார். "இன்னாமா இது? நாயி கோட்டு போட்டுகினு வந்து நிக்கிது."

"அண்ணே, லைனை நிறுத்துங்க. பம்பர்ல கறுப்பா கறை."

அவர் பம்பரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கறையும் இல்ல ஒண்ணும் இல்லமா. அந்தாண்ட நின்னு பாத்தியே, உன் காதுதான் கண்ணாடில தெரிஞ்சிருக்கு."

நான் அப்படியே திரும்பி வந்திருக்கலாம். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது பிள்ளைகளும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்கவில்லை. யாழினி மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, தன் இடுப்பை ஆட்டிக் காட்டினாள். வாலை ஆட்டச் சொல்கிறாள் என்று புரிந்தது.

ஆட்டினேன்.

"வாலாட்டாதமா," என்றார் ஏழுமலை அண்ணன். "வேணாம். வாலாட்டாத. யம்மா, சொன்னா கேளு." கம்பி வால், ஒருமுறை ஆரம்பித்தால் உடனே நிற்காது. விளக்கு வெளிச்சத்தில் பழுப்பு இழைகள் மெல்ல மெல்ல மிதந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான், எனக்குள் இருந்த தரப் பொறியாளர் விழித்துக்கொண்டாள்.

பெயிண்டைக் காயவைக்கும் சூட்டடுப்பிலிருந்து வெளியே வந்த பம்பர்களில் இருபத்திரண்டுக்கு மீசை முளைத்திருந்தது.

முதல் தேதி பாஸ்கரன் சார் முன்னால் நான் காரண அறிக்கை வைக்க வேண்டும். அதற்கு முன் ஏழுமலை அண்ணன் என் மேஜைக்கு வந்தார்.

"ஃபில்டர் கிழிஞ்சிட்ச்சினு எழுதிடுமா. யார் போய் பாக்கப் போறான்? நானும் அதயே சொல்றேன்."

எழுதினேன். பொய் சொல்லப் பிடிக்காதவள் என்றெல்லாம் பெருமை பேச முடியாது, 'ஃபில்டர்' என்று டைப் அடித்தே விட்டேன். அடித்த பிறகு, ஃபில்டர் மாற்றுகிற மெயின்டனன்ஸ் பையன்களை அதே அறையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அழித்தேன்.

எங்கள் முறைப்படி ஒரு தவறுக்கு ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும். திரையில் போட்டேன். பம்பர் ஏன் கெட்டது? நார் விழுந்தது. ஏன் விழுந்தது? மிதியடியிலிருந்து உதிர்ந்தது. மிதியடி ஏன் உள்ளே வந்தது? நான் அணிந்திருந்தேன். ஏன் அணிந்திருந்தேன்? நாயாக இருந்தேன்.

பாஸ்கரன் சார் அசையாமல் கேட்டார்: "ஏன் நாயா இருந்தே?"

"நாலாங் கிளாஸ்லேருந்து ஆசை சார்."

யாரோ இருமினார்கள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நார் ரிஜெக்‌ஷனுக்குக் 'காரணம் தெரியவில்லை'ன்னு போடாத ரிப்போர்ட்டை இந்த ப்ளான்ட்ல இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. பயிற்சியை மூன்று மாதம் நீட்டினார். அந்த இருபத்திரண்டு பம்பரையும் உப்புத்தாள் வைத்து நானே தேய்த்து மீசை எடுக்க வேண்டும் என்றார். தேய்த்தேன். மூன்று மாதம் கழித்துக் கையெழுத்தும் வந்தது. சுவர்க் கடிகாரம் வரவில்லை.

சென்ற மாதம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வந்திருந்தார். பழைய கோப்புகளைப் புரட்டியவர் அந்த அறிக்கையில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

"பெயிண்ட் ஷாப்புக்குள்ள நாய் வந்துதா? அந்த நாயை அப்புறம் என்ன பண்ணீங்க?"

நான் நிதானமாக விளக்கத் தொடங்குவதற்குள் ஏழுமலை அண்ணன் முந்திக்கொண்டார்.

"மூணு மாசம் வெச்சிப் பாத்தோம் சார். அப்பால பர்மனெண்ட் பண்ட்டாங்க."