யார் முதலில் கிளம்புவது

டுலூத், மினசோட்டா
பிப்ரவரி, பனி ஜன்னல் வரை

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு அண்ணன் நார்மன் எழுதுவது. நானும் வீட்டு ஹீட்டரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீ நலம் என்று படத்தில் பார்த்தேன், லைக் போட்டேன்.

நல்ல சேதி ஒன்று. கைப்பேசியில் இருந்த அந்தச் சமூக வலைத்தளக் கணக்கை அழித்துவிட்டேன். மனோதத்துவம் படிக்கிற உன் மகள் பிரிட்டா முன்பு என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கவலைப்படுகிறவர்களும், ஊரைக் கூட்டிப் பேசுகிறவர்களும், ஒழுங்கில்லாதவர்களும்தான் இதற்கு அடிமையாவார்களாம். நான் சாக்ஸைக்கூட இஸ்திரி போடுகிறவன் என்றதும், "மாமா, உங்க குணத்துக்கு இது ஒட்டவே ஒட்டாது, தைரியமா வச்சுக்கோங்க" என்றாள். மரியாதையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை; என்னைச் சிக்கவைத்தது அதுதான்.

நம் ஊரில் விருந்து முடிந்தால் மேசையில் ஒருமுறை விடைபெறுவோம், வாசலில் ஒருமுறை, கார்க் கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை. முதலில் முகத்தைத் திருப்புகிறவன் முரடன். அதே வழக்கத்தோடு இதற்குள் போனேன். எதிர்வீட்டு டுவேனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டேன், அவன் நன்றி போட்டான், நான் பரவாயில்லை என்றேன், அவன் ஒரு இதயம், நான் ஒரு இதயம், அவன் கையசைப்பு, நான் சும்மா இருக்க முடியுமா, இப்படியே வாரக்கணக்கில் போய், நடுவில் சர்ச் விருந்துக்காக ஓவனில் வைத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் கரியாகி, புகை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, அதற்கு ஊரே வருத்தம் தெரிவிக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி மாளவில்லை. செருப்பு விற்கிற ஒரு கம்பெனி 'எப்படி இருக்கிறீர்கள், நார்மன்?' என்று கேட்டது. என் மனைவி வெர்னா இறந்துபோனதிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

போன வாரம் பனி அள்ளும்போது டுவேனை நேரில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

"நீ நிறுத்துவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்பா, விரல் வலிக்குது."

"நீ நிறுத்தக்கூடாதா?" என்றேன்.

"உன்னை எப்படிப் பாதியில விட்டுட்டுப் போறது? வெர்னாவும் இல்ல."

குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போனோம். ஷூவைக் கழற்றுவதற்குள் அவனிடமிருந்து கையசைப்பு வந்துவிட்டது. அன்றே கணக்கை அழித்தேன். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆர்டிஸ்.

பிரிட்டாவுக்கு என் ஆசிகள். உன் கணவருக்கும், நீ வளர்க்கும் கள்ளிச்செடிகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
நார்மன்

பி.கு.: அழித்துவிட்டேன் என்றது பாதிதான் உண்மை. கடைசிப் பொத்தானை அழுத்தப் போனால், உன் படத்தைக் காட்டி, 'போகிறீர்களா? ஆர்டிஸ் உங்களைத் தேடுவார்' என்கிறது. உன்னைக் கேட்டுத்தான் சொல்கிறதா? தேடுவேன் என்று நீயே ஒரு வரி எழுது, உடனே அழித்துவிடுகிறேன். இப்போதைக்கு அது ஒன்றுதான் என்னிடம் அப்படிச் சொல்கிறது.